பெட் ஸ்கேன் கருவிகளில் பிக்கோ விநாடிப் போட்டி: குறைக்கடத்தி உணர்கருவிகளின் நேரத் துல்லியம் உயர்வது எவ்வாறு?

புற்றுநோய் உடலின் எப்பகுதியில் பரவியுள்ளது என்பதைக் கண்டறியப் பயன்படும் பெட் ஸ்கேன் கருவியின் தரம், ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து அளக்கும் திறனைப் பொறுத்ததாக மாறியுள்ளது. கருவியின் உள்ளே வளையமாக அமைந்துள்ள உணர்கருவிகள், காமா கதிர் வந்து சேர்ந்த கணத்தை எந்த அளவுக்குத் துல்லியமாகக் குறிக்கின்றனவோ, அந்த அளவுக்குத் தெளிவான படம் மருத்துவருக்குக் கிடைக்கும். நோயாளிக்குச் செலுத்த வேண்டிய கதிரியக்க மருந்தின் அளவையும் குறைக்க முடியும்.

இத்துறையில் ஒரு முரண் நெடுங்காலமாக நீடித்து வருகிறது. கதிரின் ஆற்றலையும் அது விழுந்த இடத்தையும் மிக நுட்பமாக அளக்கும் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு போன்ற குறைக்கடத்திப் படிகங்கள், கதிர் வந்த நேரத்தை அளப்பதில் பின்தங்கியே உள்ளன. இக்குறையைப் போக்குவதற்கான ஆய்வுகள் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் உள்ளிட்ட இடங்களில் தீவிரமாக நடைபெற்று வருகின்றன. அவற்றின் அடிப்படை என்ன, நோயாளிகளுக்கு அதனால் விளையும் பயன் என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெட் ஸ்கேன் செயல்படும் முறை

பெட் பரிசோதனைக்கு வரும் நோயாளிக்கு, ஃபுளூரின்-18 என்னும் கதிரியக்க அணு இணைக்கப்பட்ட குளுக்கோஸ் போன்ற மருந்து நரம்பின் வழியாகச் செலுத்தப்படுகிறது. எஃப்டிஜி என்று அழைக்கப்படும் இம்மருந்தை, குளுக்கோஸை மிகுதியாக உட்கொள்ளும் புற்றுநோய்ச் செல்கள் ஈர்த்துக்கொள்கின்றன.

ஃபுளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகள் வெளிப்படுகிறது. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான், திசுவில் ஒரு மில்லிமீட்டர் அளவே பயணித்து, அங்குள்ள ஓர் எலக்ட்ரானுடன் சேர்ந்து அழிகிறது. இரண்டின் நிறையும் ஆற்றலாக மாறி, தலா 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் கொண்ட இரு காமா ஃபோட்டான்களாக, ஏறத்தாழ நேரெதிர்த் திசைகளில் புறப்படுகின்றன.

நோயாளியைச் சூழ்ந்துள்ள வளையத்தில் எதிரெதிரே அமைந்த இரு உணர்கருவிகள் இந்த ஃபோட்டான்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதிவு செய்கின்றன. அவ்விரு உணர்கருவிகளையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஓரிடத்தில்தான் அழிவு நிகழ்ந்தது என்பது இதனால் உறுதியாகிறது. இவ்வாறான பல கோடிக் கோடுகளைத் திரட்டி, கணினி முப்பரிமாணப் படத்தை உருவாக்குகிறது.

பறக்கும் நேரம் என்னும் கணக்கு

அழிவு நிகழ்ந்த இடம் கோட்டின் எப்புள்ளி என்பது தெரியாவிட்டால், கணினி அக்கோடு முழுவதற்கும் சம வாய்ப்பு அளிக்க வேண்டியுள்ளது. இதனால் நோய் இல்லாத இடங்களிலும் பொய்யான தடங்கள் படிந்து, படத்தில் இரைச்சல் மிகுகிறது.

இரு ஃபோட்டான்களும் வந்து சேர்ந்த நேர வேறுபாட்டை அளக்க முடிந்தால் நிலைமை மாறும். ஒளி ஒரு நானோ விநாடியில், அதாவது விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் பயணிக்கிறது. அழிவு நிகழ்ந்த இடம் மையத்திலிருந்து விலகும்போது ஒரு ஃபோட்டானின் பாதை குறைகிறது. மற்றதன் பாதை அதே அளவு கூடுகிறது. எனவே நேர வேறுபாட்டில் ஒரு நானோ விநாடி பிழை ஏற்பட்டால், இடத்தைக் கணிப்பதில் 15 சென்டிமீட்டர் பிழை நேரும்.

இதே கணக்கின்படி, 600 பிக்கோ விநாடி பிழை 9 சென்டிமீட்டருக்கும், 200 பிக்கோ விநாடி பிழை 3 சென்டிமீட்டருக்கும், 10 பிக்கோ விநாடி பிழை 1.5 மில்லிமீட்டருக்கும் சமம். ஒரு பிக்கோ விநாடி என்பது விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்காகும். இம்முறையே பறக்கும் நேர பெட் என்று அழைக்கப்படுகிறது.

நோயாளிக்கு என்ன பயன்?

நேரத் துல்லியம் உயர்வதால் படத்தின் தரம் எந்த அளவு கூடும் என்பதை எளிய விதி ஒன்று தோராயமாகக் கூறுகிறது. நோயாளியின் உடல் விட்டத்தை, நேரப் பிழைக்கு இணையான தொலைவால் வகுத்து, அதன் இருமடி மூலத்தைக் கண்டால், சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எத்தனை மடங்கு உயரும் என்பது கிடைக்கும்.

40 சென்டிமீட்டர் உடல் விட்டம் கொண்ட நோயாளிக்கு 600 பிக்கோ விநாடித் துல்லியம் உள்ள கருவி சுமார் 2 மடங்கு முன்னேற்றத்தைத் தரும். 200 பிக்கோ விநாடி எனில் அது 3.6 மடங்காகும். 10 பிக்கோ விநாடியை எட்டினால் 16 மடங்கைத் தாண்டும். உடல் பருமன் மிகுந்த நோயாளிகளின் படங்களே வழக்கமாகத் தெளிவு குன்றி அமைகின்றன. இந்த விதியின்படி அவர்களுக்கே கூடுதல் பயன் கிடைக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த முன்னேற்றத்தை மூன்று வழிகளில் பயன்படுத்தலாம். அதே அளவு மருந்தில் சிறிய கட்டிகளையும் காணலாம். பரிசோதனை நேரத்தைக் குறைக்கலாம். அல்லது மருந்தின் அளவைக் குறைக்கலாம். வயது வந்த ஒருவருக்கு 370 மெகா பெக்கரல் அளவில் எஃப்டிஜி செலுத்தப்படும்போது, அதனால் மட்டும் உடலுக்குச் சேரும் கதிர்வீச்சு சுமார் 7 மில்லி சீவெர்ட் ஆகும். சிகிச்சையின் விளைவை அறிய மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டிய நோயாளிகளுக்கும், குழந்தைகளுக்கும் இந்த அளவைக் குறைப்பது மிக முக்கியமானது.

ஒளிர்வுப் படிகங்கள் கடந்து வந்த பாதை

இன்று மருத்துவமனைகளில் உள்ள பெட் கருவிகளில் பெரும்பாலானவை காமா கதிரை நேரடியாக மின்சைகையாக மாற்றுவதில்லை. சிண்டிலேட்டர் எனப்படும் ஒளிர்வுப் படிகம் முதலில் காமா கதிரை உறிஞ்சி, மிக மெல்லிய ஒளித் துடிப்பை வெளியிடுகிறது. அந்த ஒளியை மற்றோர் உணர்கருவி மின்சைகையாக மாற்றுகிறது.

பறக்கும் நேரக் கருத்து புதியதன்று. 1980-களிலேயே சீசியம் ஃபுளூரைடு, பேரியம் ஃபுளூரைடு படிகங்களைக் கொண்டு இத்தகைய கருவிகள் உருவாக்கப்பட்டன. அவை விரைவாக ஒளிர்ந்தபோதிலும், காமா கதிர்களைத் தடுத்து நிறுத்தும் திறனில் குறைந்தவை. ஆகவே, மெதுவாக ஒளிர்ந்தாலும் அடர்த்தி மிக்க பிஸ்மத் ஜெர்மனேட் படிகங்களே அக்காலத்தில் நிலைபெற்றன. அவற்றின் ஒளி தணிய சுமார் 300 நானோ விநாடிகள் ஆகும்.

லுட்டீசியம் ஆக்ஸிஆர்த்தோசிலிகேட் என்னும் படிகத்தின் வருகை இந்நிலையை மாற்றியது. அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் மெல்ச்சர் உருவாக்கிய இப்படிகம், அடர்த்தி, மிகுந்த ஒளி, 40 நானோ விநாடியில் தணியும் விரைவு ஆகிய மூன்றையும் ஒருங்கே பெற்றிருந்தது. இதே வகைப் படிகத்தைக் கொண்டு 2006-ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் சுமார் 600 பிக்கோ விநாடித் துல்லியம் கொண்ட வணிகக் கருவியை அறிமுகப்படுத்தியது. 2018-இல் வெளிவந்த சீமென்ஸ் நிறுவனத்தின் பயோகிராஃப் விஷன் கருவி 214 பிக்கோ விநாடி என்ற அளவை எட்டியது.

இந்தத் தாவலுக்குப் பெரிதும் துணைநின்றது சிலிக்கான் ஒளிப்பெருக்கி என்னும் குறைக்கடத்திச் சாதனமாகும். ஒற்றை ஒளித்துகள் விழுந்தாலே மின்பெருக்குப் பாய்ச்சலை உண்டாக்கும் ஆயிரக்கணக்கான நுண்ணறைகள் இதில் அமைந்துள்ளன. பழைய கண்ணாடி ஒளிப்பெருக்கிக் குழாய்கள் காந்தப்புலத்தில் செயலிழக்கும். சிலிக்கான் ஒளிப்பெருக்கிகளோ எம்ஆர்ஐ கருவியின் காந்தப்புலத்துக்குள்ளும் இயங்கக்கூடியவை.

எனினும் இவ்வழியிலும் ஒரு விட்டுக்கொடுப்பு உள்ளது. கால்சியம் கலந்த லுட்டீசியம் படிகத்தின் 3 மில்லிமீட்டர் நீளத் துண்டில் 60 பிக்கோ விநாடிக்கும் குறைவான பிழை ஆய்வகத்தில் எட்டப்பட்டுள்ளது. அதே படிகம் காமா கதிரைத் தடுக்கத் தேவையான 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு உயர்த்தப்பட்டால், பிழை 100 பிக்கோ விநாடியை நெருங்குகிறது. ஒளி படிகத்துக்குள் பல முறை எதிரொளித்து, வெவ்வேறு நேரங்களில் வெளியேறுவதே இதற்குக் காரணமாகும்.

நேரடிக் குறைக்கடத்தி உணர்கருவியின் வலிமை

குறைக்கடத்தி உணர்கருவியில் ஒளி என்ற இடைநிலை இல்லை. காமா கதிர் படிகத்தில் விழுந்தவுடன் எலக்ட்ரான்-துளை இணைகள் உருவாகின்றன. படிகத்தின் இருபுறமும் உள்ள மின்வாய்களுக்கிடையே அளிக்கப்படும் உயர் மின்னழுத்தம் அவற்றைப் பிரித்து, எலக்ட்ரான்களை ஒருபுறமும் துளைகளை மறுபுறமும் இழுக்கிறது.

காட்மியம் துத்தநாக டெல்லுரைடில் ஓர் இணையை உருவாக்க சுமார் 4.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். எனவே ஒரே ஒரு 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான், ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் இணைகளை உண்டாக்குகிறது. எண்ணிக்கை மிகுதியாக இருப்பதால் ஆற்றலைக் கணிப்பதில் பிழை குறைகிறது. ஒளிர்வுப் படிகங்களில் சுமார் 10 முதல் 12 விழுக்காடாக உள்ள ஆற்றல் பகுதிறன், இப்படிகத்தில் 2 முதல் 3 விழுக்காடு வரை நுட்பமாகிறது.

இதன் மருத்துவப் பயன் நேரடியானது. உடலுக்குள் மோதித் திசைமாறிய ஃபோட்டான்கள் தவறான கோடுகளை உருவாக்குகின்றன. 30 பாகை திசைமாறிய ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 511-இலிருந்து சுமார் 450 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டாகக் குறைகிறது. ஒளிர்வுப் படிகத்தால் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தறிய இயலாது, குறைக்கடத்தியால் இயலும். மேலும், மின்வாய்களை நுண்ணிய பட்டைகளாகவோ கட்டங்களாகவோ அமைத்தால், கதிர் விழுந்த இடத்தை ஒரு மில்லிமீட்டர் அளவில் முப்பரிமாணத்திலும் அறிய முடியும்.

தாமதம் எங்கே நேர்கிறது?

இத்தனை வலிமை இருந்தும், வழக்கமான முறையில் இயங்கும் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணர்கருவியின் நேரப் பிழை நானோ விநாடிகளில்தான் அளக்கப்படுகிறது. இதற்கு நான்கு காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, மின்னூட்டங்களின் மெதுவான நகர்வு. 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள படிகத்துக்கு 1,000 வோல்ட் அளித்தால், எலக்ட்ரான்கள் அதனைக் கடக்க சுமார் 250 நானோ விநாடிகள் ஆகும். துளைகளோ அதனினும் பல மடங்கு மெதுவானவை. அவற்றுக்கு மைக்ரோ விநாடிகள் தேவைப்படும். பல துளைகள் வழியிலேயே படிகக் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன.

இரண்டாவது, துடிப்பின் வடிவம் மாறுபடுதல். ஷாக்லி-ராமோ தேற்றத்தின்படி, மின்னூட்டங்கள் நகரத் தொடங்கிய கணத்திலேயே மின்வாய்களில் சைகை தூண்டப்படுகிறது. ஆனால் அது எவ்வளவு வேகமாக உயரும் என்பது, கதிர் எந்த ஆழத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்தது. சிறு கட்டங்களாக உள்ள நேர்மின்வாயில், எலக்ட்ரான்கள் அருகே வந்த பின்னரே சைகையின் பெரும்பகுதி தோன்றுகிறது. ஆகவே ஒரே கணத்தில் விழுந்த இரு கதிர்கள், வெவ்வேறு நேரங்களில் வந்தவை போலத் தோன்றக்கூடும்.

மூன்றாவது, மின்னணு இரைச்சல். நேரப் பிழை என்பது இரைச்சலைத் துடிப்பின் ஏற்றச் சரிவால் வகுத்தால் கிடைப்பது. செங்குத்தாக உயரும் துடிப்பில் சிறிதளவு இரைச்சல் பெரிய பிழையை உண்டாக்காது. மெதுவாக உயரும் துடிப்பில் அதே இரைச்சல் பல நானோ விநாடிப் பிழையாக மாறிவிடும்.

நான்காவது, துடிப்பின் உயரத்தால் விளையும் நகர்வு. ஒரு குறிப்பிட்ட மின்னழுத்த வரம்பைத் துடிப்பு தாண்டும் கணமே வருகை நேரமாகக் கொள்ளப்பட்டால், உயரமான துடிப்பு அவ்வரம்பை முன்னதாகவும், குள்ளமான துடிப்பு தாமதமாகவும் தாண்டும்.

நேரம் தெளிவாக இல்லாததன் விளைவு, பறக்கும் நேரப் பயனை இழப்பதோடு முடிவதில்லை. இரு ஃபோட்டான்கள் ஒரே அழிவிலிருந்து வந்தவை என்று ஏற்பதற்கான நேரச் சாளரத்தையும் அகலமாக வைக்க வேண்டியுள்ளது. வேகமான கருவிகளில் 4 முதல் 5 நானோ விநாடியாக உள்ள இச்சாளரம் இரு மடங்கானால், தொடர்பற்ற இரு ஃபோட்டான்கள் தற்செயலாக இணைக்கப்படும் பிழைகளும் இரு மடங்காகும்.

சீர்படுத்தும் வழிகள்

முதல் வழி வடிவமைப்பில் உள்ளது. மின்வாய்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் குறைத்தால் மின்புலம் வலுப்பெறும். மின்னூட்டங்கள் விரைவில் சென்றடையும். ஆனால் மெல்லிய படிகத்தை ஊடுருவிக் காமா கதிர்கள் தப்பிவிடும். இதற்கு ஆய்வாளர்கள் கண்ட தீர்வு, படிகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பதாகும். காமா கதிர் படிகத் தகட்டின் விளிம்பு வழியாக நுழைந்து பல சென்டிமீட்டர் தொலைவு பயணிக்கும். மின்னூட்டங்களோ தகட்டின் தடிமனான சில மில்லிமீட்டரை மட்டும் கடந்தால் போதும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிரெய்க் லெவின் தலைமையிலான குழு, இத்தகைய அமைப்பில் 40 மில்லிமீட்டர் நீளமும் அகலமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட படிகங்களை ஆராய்ந்துள்ளது.

இரண்டாவது வழி, ஆழத்தைக் கணித்துத் திருத்துதல். நேர்மின்வாய், எதிர்மின்வாய் இரண்டிலும் தோன்றும் சைகைகளின் விகிதத்திலிருந்து கதிர் விழுந்த ஆழத்தை அறியலாம். ஒவ்வோர் ஆழத்துக்கும் உரிய தாமதத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருந்தால், பதிவான நேரத்திலிருந்து அதனைக் கழித்துவிட முடியும். நேரத்தைக் குறிப்பதற்கு, உடனடியாகச் சைகை தோன்றும் எதிர்மின்வாயைப் பயன்படுத்துவதும் இதன் ஒரு பகுதியாகும்.

மூன்றாவது வழி, மின்னணுச் சுற்றுகளை மேம்படுத்துதல். துடிப்பின் உயரம் எதுவாயினும், அதன் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டும் கணத்தை நேரமாகக் கொள்ளும் சுற்றுகள் உயரத்தால் விளையும் நகர்வைப் பெருமளவு நீக்குகின்றன. உணர்கருவிக்கு மிக அருகிலேயே பொருத்தப்படும் தனிப்பயன் சிப்புகள், கம்பிகளால் சேரும் மின்தேக்குத் திறனையும் அதன்வழி இரைச்சலையும் குறைக்கின்றன.

நான்காவது வழி, துடிப்பு முழுவதையும் எண்மமாக்கிப் பதிவு செய்து ஆராய்தல். ஒற்றை வரம்பை மட்டும் நம்பாமல், துடிப்பு தொடங்கும் பகுதியின் முழு வடிவத்தையும் கணினி மாதிரியுடன் ஒப்பிட்டால் வருகை நேரம் மேலும் துல்லியமாகக் கிடைக்கும். இயந்திரக் கற்றல் முறைகளும் இப்பணியில் ஈடுபடுத்தப்படுகின்றன. ஆனால் ஆயிரக்கணக்கான தடங்களில் இவ்வளவு தரவைத் தொடர்ந்து கையாள்வதற்கு மின்சாரமும் செலவும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன.

நம்பிக்கை அளிக்கும் செரன்கோவ் ஒளி

மேற்கண்ட வழிகள் அனைத்தும் மின்னூட்டம் நகரும் வேகத்துக்குக் கட்டுப்பட்டவை. அந்தத் தடையைத் தாண்ட, நகர்வுக்காகக் காத்திராத ஒரு சைகை தேவை. செரன்கோவ் ஒளி அத்தகையதாகும்.

ஓர் ஊடகத்தில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைவாக ஒரு மின்னூட்டத் துகள் அவ்வூடகத்தில் பாய்ந்தால், நீல நிறம் மிகுந்த மெல்லிய ஒளி தோன்றுகிறது. அணு உலைகளின் நீர்த்தொட்டியில் காணப்படும் நீல ஒளி இதுவே. காமா ஃபோட்டான் படிகத்தில் வெளியேற்றும் எலக்ட்ரானும், படிகத்தின் ஒளிவிலகல் எண் உயர்வாக இருந்தால், சில பிக்கோ விநாடிகளுக்குள் இவ்வொளியை வெளியிட்டுவிடும்.

இதற்கு ஏற்ற குறைக்கடத்தியாகத் தாலியம் புரோமைடு கருதப்படுகிறது. ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.5 கிராம் அடர்த்தி கொண்ட இப்படிகம், காமா கதிரைத் தடுப்பதில் லுட்டீசியம் படிகத்துக்கு நிகரானது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் பெரும்பகுதியைத் தன்னூடே செல்ல விடுவதால், உள்ளே தோன்றும் செரன்கோவ் ஒளியை வெளியே எடுக்கவும் முடிகிறது.

அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தாலியம் புரோமைடு படிகத்துடன் சிலிக்கான் ஒளிப்பெருக்கியை இணைத்து இம்முறையைச் சோதித்தனர். செரன்கோவ் ஒளியிலிருந்து நேரமும், மின்னூட்டத்திலிருந்து ஆற்றலும் இடமும் பெறப்பட்டன. மின்னூட்டச் சைகையை மட்டும் நம்பியபோது நானோ விநாடிகளில் இருந்த நேரப் பிழை, சில நூறு பிக்கோ விநாடிகளாகக் குறைந்தது.

இம்முறையின் முதன்மைச் சிக்கல் ஒளியின் குறைவாகும். லுட்டீசியம் படிகத்தில் ஒரு காமா ஃபோட்டான் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒளித்துகள்களை உண்டாக்கும். செரன்கோவ் முறையில் தோன்றுபவையோ சில பத்துகள் மட்டுமே. அவற்றுள் ஓரிரண்டை இழந்தாலும் நேரக் கணிப்பு தடுமாறும். மேலும், மின்னழுத்தம் தொடர்ந்து அளிக்கப்படும்போது தாலியம் புரோமைடுக்குள் அயனிகள் இடம்பெயர்ந்து, நாளடைவில் உணர்கருவியின் திறன் குன்றுவதும் தீர்க்கப்பட வேண்டியதாக உள்ளது. தாலியம் நச்சுத்தன்மை மிக்கது என்பதால், தயாரிப்பிலும் எச்சரிக்கை தேவை.

ஒருகாலத்தில் மெதுவானது என்று ஒதுக்கப்பட்ட பிஸ்மத் ஜெர்மனேட் படிகமும் இதே செரன்கோவ் ஒளியால் மறுவாழ்வு பெற்றுள்ளது. விலை உயர்ந்த லுட்டீசியம் தேவைப்படாத இப்படிகத்தை வேகமான சிலிக்கான் ஒளிப்பெருக்கியுடன் இணைத்து, பறக்கும் நேர அளவீட்டுக்குப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடைபெறுகின்றன.

துகள் இயற்பியலிலிருந்து வரும் நுட்பங்கள்

நேரத்தை நுட்பமாக அளக்கும் தேவை மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவியில், ஒரே நேரத்தில் நிகழும் மோதல்களைப் பிரித்தறிய பல பத்து பிக்கோ விநாடித் துல்லியம் கொண்ட நேர அடுக்குகள் உருவாக்கப்பட்டு வருகின்றன.

இவற்றில் குறைந்த பெருக்கச் சரிவு உணர்கருவி எனப்படும் சிலிக்கான் சாதனம் பயன்படுத்தப்படுகிறது. 50 மைக்ரோ மீட்டர் தடிமனே கொண்ட இச்சாதனம், உள்ளேயே மின்னூட்டத்தைப் பெருக்கி, சுமார் 30 பிக்கோ விநாடித் துல்லியத்தை எட்டுகிறது. ஆயினும் மெல்லிய சிலிக்கானால் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்களைத் தடுக்க இயலாது. எனவே பெட் கருவியைவிட, புரோட்டான் கதிர்ச் சிகிச்சையில் கற்றையைக் கண்காணிக்கவே இது கூடுதலாகப் பொருந்தும். அதே வேளையில், சிஎம்எஸ் என்னும் கருவியின் மையப் பகுதி நேர அடுக்கில், பெட் கருவிகளில் உள்ளவை போன்ற லுட்டீசியம் படிகமும் சிலிக்கான் ஒளிப்பெருக்கியுமே இடம்பெறுகின்றன. இரு துறைகளும் ஒன்றுக்கொன்று கற்றுக்கொடுக்கின்றன என்பதற்கு இது சான்றாகும்.

முற்றிலும் வேறான ஒரு முயற்சியும் ஸ்டான்ஃபோர்டில் நடைபெற்றுள்ளது. காமா கதிர் குறைக்கடத்தியில் விழும்போது அதன் ஒளிவிலகல் எண் கணநேரம் மாறுகிறது. படிகத்தின் ஊடே ஒரு லேசர் கற்றையைச் செலுத்தி அம்மாற்றத்தைக் கவனித்தால், மின்னூட்டம் நகரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இம்முறை இன்னும் தொடக்கக் கட்டத்திலேயே உள்ளது.

சிடி ஸ்கேனில் வேறொரு நேரச் சிக்கல்

குறைக்கடத்தி உணர்கருவிகள் பெட் கருவியைவிட சிடி ஸ்கேன் கருவியில் முன்னதாகவே மருத்துவமனையை எட்டிவிட்டன. காட்மியம் டெல்லுரைடு படிகத்தைக் கொண்டு, எக்ஸ் கதிர்களை ஒவ்வொன்றாக எண்ணும் சீமென்ஸ் நிறுவனத்தின் நியோடோம் ஆல்ஃபா கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 செப்டம்பரில் அனுமதி அளித்தது.

இங்கு ஃபோட்டானின் வருகைக் கணத்தைவிட, அடுத்தடுத்து வருபவற்றைப் பிரித்தறிவதே சவால். ஒரு சதுர மில்லிமீட்டரில் விநாடிக்குப் பத்து கோடி ஃபோட்டான்கள் விழுந்தால், இரண்டுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 10 நானோ விநாடி மட்டுமே. முதல் துடிப்பு முடியுமுன் இரண்டாவது வந்தால், இரண்டும் சேர்ந்து ஒற்றை உயர் ஆற்றல் கதிராகத் தவறாக எண்ணப்படும். இதனைத் தவிர்க்கவே மின்வாய்க் கட்டங்கள் மிகச் சிறியனவாக அமைக்கப்படுகின்றன. கட்டம் சிறுத்தால் துடிப்பு குறுகும். அதில் விழும் எண்ணிக்கையும் குறையும். ஆனால் ஒரே கதிரின் மின்னூட்டம் இரு கட்டங்களில் பகிரப்படும் புதிய சிக்கல் எழுகிறது.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

இந்தியாவில் பெட் பரிசோதனை 2002-ஆம் ஆண்டில் மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் தொடங்கியது. ஃபுளூரின்-18 தயாரிப்பதற்கான மருத்துவ சைக்ளோட்ரானும் அங்கு நிறுவப்பட்டது. கொல்கத்தாவில் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தின் சைக்ளோன்-30 என்னும் பெரிய மருத்துவ சைக்ளோட்ரான் 2018-இல் செயல்பாட்டுக்கு வந்தது.

ஃபுளூரின்-18 அணுவின் அரை ஆயுட்காலம் சுமார் 110 நிமிடங்களே. சைக்ளோட்ரான் இல்லாத நகரத்து மருத்துவமனைக்கு மருந்து நான்கு மணி நேரம் பயணித்துச் சென்றால், புறப்பட்டபோது இருந்த கதிரியக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டுமே எஞ்சும். ஒரு நோயாளிக்குத் தேவையான அளவைப் பாதியாகக் குறைக்கும் உணர்கருவி கிடைத்தால், அதே குப்பியிலுள்ள மருந்து கூடுதல் நோயாளிகளுக்குப் பயன்படும். அல்லது இன்னும் ஒரு அரை ஆயுட்கால தொலைவிலுள்ள மருத்துவமனையையும் சென்றடையும்.

குறைக்கடத்தி உணர்கருவிகளைக் கையாளும் அனுபவம் இந்திய விண்வெளித் துறையில் ஏற்கெனவே உள்ளது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், 16,384 கட்டங்கள் கொண்ட காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணர்கருவி இடம்பெற்றது. அதன் படிகங்களும் 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவையே. 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் ஹீலியோஸ் கருவியிலும் காட்மியம் டெல்லுரைடு, காட்மியம் துத்தநாக டெல்லுரைடு ஆகிய இரு வகைகளும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

ஆயினும் தேவைகள் வேறுபடுகின்றன. ஆஸ்ட்ரோசாட் கருவி ஒவ்வொரு நிகழ்வின் நேரத்தையும் 20 மைக்ரோ விநாடி அளவில் பதிவு செய்கிறது. வானியலுக்கு அது போதுமானது. பறக்கும் நேர பெட் கருவிக்கோ அதைவிட லட்சம் மடங்கு நுட்பம் தேவைப்படுகிறது.

10 பிக்கோ விநாடி இலக்கு

உணர்கருவி ஆய்வாளர்கள் தங்கள் நெடுநோக்காக 10 பிக்கோ விநாடித் துல்லியத்தை வைத்துள்ளனர். செர்ன் அறிவியலாளர் பால் லெகோக் உள்ளிட்டோர் இதனை ஓர் அறைகூவலாக முன்வைத்து, 2020-இல் அதற்கான வழிகாட்டு ஆவணத்தையும் வெளியிட்டனர். அந்நிலையை எட்டினால், ஒவ்வொரு அழிவும் நிகழ்ந்த இடம் 1.5 மில்லிமீட்டர் அளவில் நேரடியாகத் தெரிந்துவிடும். கணினியில் நீண்ட படமீட்டுருவாக்கக் கணக்கீடே தேவைப்படாது.

இது வெறும் கற்பனையன்று என்பதை ஜப்பான், அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து 2021-இல் நேச்சர் ஃபோட்டானிக்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. செரன்கோவ் ஒளியையும் மிக வேகமான நுண்துளைத் தகட்டு ஒளிப்பெருக்கியையும் பயன்படுத்தி, அவர்கள் 32 பிக்கோ விநாடித் துல்லியத்தை எட்டினர். இது 4.8 மில்லிமீட்டர் தொலைவுக்குச் சமம். படமீட்டுருவாக்கம் இன்றியே குறுக்குவெட்டுப் படங்களும் பெறப்பட்டன. ஆனால் இரண்டே உணர்கருவிகளைக் கொண்டு நடத்தப்பட்ட அச்சோதனை, மருத்துவமனைக் கருவிக்குத் தேவையான உணர்திறனைப் பெற்றிருக்கவில்லை.

நேரம் எவ்வளவு துல்லியமானாலும் இயற்பியல் விதிக்கும் எல்லைகள் சில உள்ளன. பாசிட்ரான் அழியும் முன் சிறிது தொலைவு நகர்ந்துவிடுகிறது. இரு ஃபோட்டான்களும் மிகச் சரியாக 180 பாகையில் புறப்படுவதில்லை. அரை பாகை அளவிலான விலகல், 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் சுமார் 1.8 மில்லிமீட்டர் பிழையாகிறது. எனவே நேரத் துல்லியத்தின் முதன்மைப் பயன் படத்தின் கூர்மையைவிட, இரைச்சலைக் குறைப்பதிலேயே உள்ளது.

படத்தின் தரத்தை உயர்த்த வேறு வழியும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் யுனைடெட் இமேஜிங் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய எக்ஸ்புளோரர் கருவி, 194 சென்டிமீட்டர் நீளத்துக்கு உணர்கருவிகளை அடுக்கி, உடல் முழுவதையும் ஒரே நேரத்தில் படமெடுக்கிறது. 2018-இல் அதன் முதல் மனிதப் படங்கள் வெளியாயின. ஆனால் உணர்கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது விலையையும் பெருக்குகிறது. இருக்கும் ஒவ்வோர் உணர்கருவியின் நேரத் துல்லியத்தையும் உயர்த்துவது, குறைந்த எண்ணிக்கையிலேயே அதே பயனைத் தரக்கூடிய வழியாகும்.

ஆற்றல், இடம், நேரம், தடுக்கும் திறன், விலை ஆகிய ஐந்தும் ஒரே படிகத்தில் இன்றுவரை ஒருங்கே அமையவில்லை. ஆற்றலிலும் இடத்திலும் சிறந்து விளங்கும் குறைக்கடத்திகள், செரன்கோவ் ஒளியின் துணையோடு நேரத்திலும் முன்னேறத் தொடங்கியுள்ளன. தாலியம் புரோமைடு நெடுங்காலம் நிலையாக இயங்குவதும், சில ஒளித்துகள்களை மட்டும் கொண்டு நம்பகமாக நேரம் குறிக்க முடிவதும் உறுதியானால், பெட் கருவியின் வளையத்தில் அவை இடம்பெறுவதற்கான வழி திறக்கும்.